ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, பிள்ளைகளின் தப்பு மட்டும் மாறவில்லை

கேள்வி:

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகள். 16 வருட சர்வீஸ். எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது, பிறகு பத்து கம்ப்யூட்டரோடு ஹைடெக் லேபும் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. நானும் தினமும் ஒரு வீடியோவாவது போடுகிறேன். படம் ஓடும்போது வகுப்பு கப்சிப் என்று இருக்கிறது. மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை. பரீட்சைத் தாளில் பழைய தப்புகளே அப்படியே வருகின்றன. நெட் பாதி நாள் கிடைக்காது. எத்தனை மணி நேரம் போர்டைப் பயன்படுத்தினோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினேன், பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. புதிதாக வந்த இளைய ஆசிரியர் சாட்ஜிபிடியில் கேள்வித்தாள் தயாரிக்கிறார். நான் பழைய ஆளாகிவிட்டேனா? இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் உண்மையிலேயே கற்கும்படி என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பழைய ஆளாகிவிடவில்லை. வீடியோ போட்ட மறுநாள் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றும் நிற்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து, அதை மறைக்காமல் எழுதியும் இருக்கிறீர்கள். வகுப்பு அமைதியாக இருந்தாலே பாடம் நடந்துவிட்டது என்று நிம்மதியாகப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த நிம்மதி வரவில்லை. அது நல்லதுதான், அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்தக் கப்சிப் அமைதி எனக்கும் பழக்கம். முப்பது வருடமாக ஆசிரியராகவும் பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவனாகவும் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் பார்த்தேன். ஒளிச்சேர்க்கை பற்றி 12 நிமிட வீடியோ. அழகான படம், நல்ல குரல், பின்னால் இசை. இரண்டாவது வரிசையில் ஒரு பையன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கால் கட்டைவிரல் அந்த இசைக்குத் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் டீச்சர் "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டீச்சர்!" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டது.

இன்டர்வெல்லில் அந்தப் பையனை மைதானத்து வேப்பமரத்தடியில் பிடித்தேன். "இவ்வளவு பெரிய மரம் நிக்குதே, இந்தக் கட்டை, கிளை, இலை எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் "மண்ணுலேர்ந்துதான் சார்" என்றான். "அப்ப இப்போ படத்துல பார்த்தது?" "அது ஒளிச்சேர்க்கை சார்."

அவன் தலைக்குள் மரம் ஒரு பக்கம் இருந்தது, ஒளிச்சேர்க்கை இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. 12 நிமிடத்தில் யாரும் அவனை எதையும் யோசிக்கச் சொல்லவில்லை. வீடியோ அதன் வேகத்தில் போனது, இவன் இவன் எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிவது போலவே இருக்கும். சமையல் வீடியோ பார்க்கும்போது நமக்கும் அப்படித்தானே இருக்கிறது? அடுப்படியில் போய் நின்றால்தான் தெரியும்.

பின்னால் அதே வகுப்புக்கு ஒரு கதை சொன்னேன். வான் ஹெல்மான்ட் என்று ஒருவர், ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் இருந்தவர். ஒரு தொட்டியில் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டு. அதாவது 164 பவுண்டு, சுமார் 74 கிலோ, கூடியிருந்தது. மண்ணோ ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ்தான், நம் கணக்கில் 60 கிராம் கூட இல்லை, குறைந்திருந்தது. "அப்ப அந்த 74 கிலோ எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. தண்ணீர் என்றது ஒரு கட்சி. வான் ஹெல்மான்டும் அப்படித்தான் நினைத்தார். "சாரு சும்மா சொல்றாரு, எடை போடுறதுல தப்பு" என்றது இன்னொரு கட்சி. அந்தச் சண்டை சூடாக இருக்கும்போது அதே வீடியோவிலிருந்து ஒன்றரை நிமிடம் மட்டும், காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடு இலைக்குள் போகும் இடத்தைப் போட்டோம். முதல் தடவை தாளம் போட்ட பையன் இந்தத் தடவை எழுந்து நின்றே பார்த்தான்.

அதே வீடியோ, அதே போர்டு. முதலில் பதில் வந்தது, கேள்வியே இல்லை. இரண்டாவது முறை கேள்வி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலில் பாதி இதுதான்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை என்பதற்கு இரண்டு செய்திகள் சொல்கிறேன், தலைமையாசிரியரிடம் பேச உங்களுக்கு உதவும். பெரு நாட்டில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவை அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான அடையாளமே தென்படவில்லை. அதே சமயம் டெல்லியில், பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடுநிலை வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கார்த்திக் முரளிதரனும் அவருடன் இருந்தவர்களும் அதை 2019இல் வெளியிட்டார்கள். நாலரை மாதத்திலேயே கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம்.

இரண்டுமே கம்ப்யூட்டர்தான். வித்தியாசம் எங்கே வந்தது? டெல்லியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். அந்த மென்பொருள் ஆறாம் வகுப்புப் பாடத்தை அவர்கள் தலையில் கொட்டவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து கேள்வி கொடுத்தது. பாதி நேரம் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் கீழ் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் எடுக்கிறோமே, அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணமும் இதுதான். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். உங்கள் போர்டு இப்போது பேசிக்கொண்டே இருக்கிறது, பிள்ளைகள் சொல்வதை அது கேட்பதில்லை. அதைக் கொஞ்சம் காதாக மாற்றுவது எப்படி என்றுதான் இனி எழுதப்போகிறேன்.

ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடத்தையும் மாற்றக் கிளம்பினால் ஒரு வாரத்தில் களைத்துவிடுவீர்கள். ஏழாம் வகுப்பு மின்னோட்டம் இருக்கிறது அல்லவா, அதையே எடுப்போம். வருஷா வருஷம் பிள்ளைகள் எங்கே மாட்டுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தொடரிணைப்பில், அதாவது ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பல்பு வைத்து, எது அதிகம் எரியும் என்று கேட்டால் "முதல் பல்பு" என்பார்கள். உங்கள் ஊர்ப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரு பெண்குழந்தை எனக்குச் சொன்ன காரணத்தை மறக்கவே முடியாது: "மேல்மடையில எடுத்துக்கிட்டா கடைமடைக்குத் தண்ணி கொறைச்சலாத்தானே சார் வரும்?"

எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள்! வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த குழந்தை, தன் அனுபவத்தை வைத்து நியாயமாக யோசித்திருக்கிறது. அது தப்பு என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும், பரீட்சையில் நாம் சொன்னதை எழுதும், உள்ளே கடைமடை அப்படியே இருக்கும். அதனால் முதலில் அதை போர்டில் எழுதுங்கள். வேறு யாராவது "ரெண்டும் ஒரே மாதிரி எரியும்" என்றால் அதையும், "ரெண்டாவது பல்புதான் அதிகம்" என்றால் அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் தன் கட்சியை எழுதட்டும். எழுதிய பிறகு மாற்றக்கூடாது.

அப்புறம் நிஜ பல்பு. இதைக் கம்ப்யூட்டருக்கு விட்டுவிடாதீர்கள். எலக்ட்ரிக் கடையில் பழைய டார்ச் லைட் பல்பு, 2.5 வோல்ட், கிடைக்கும். எல்இடி வேண்டாம், அது திசை மாறினால் எரியாது, பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். இரண்டு பேட்டரிக் கட்டை போட்டால் தொடரில் இரண்டு பல்பும் மங்கலாக எரியும், பகல் வெளிச்சத்தில் தெரியாது. மூன்று கட்டை போடுங்கள். ஆனால் மூன்று கட்டையில் ஒற்றைப் பல்பை இணைக்காதீர்கள், போய்விடும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டு பல்பும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. ஒன்று கொஞ்சம் கூடுதலாக எரியலாம். அப்போது "பார்த்தீங்களா, முதல் பல்புதான்!" என்று கடைமடைக் கட்சி குதிக்கும். பதறாதீர்கள். பல்பு இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கல் அந்தப் பல்போடு கூடவே போகும். அப்படியானால் குறை இடத்தில் இல்லை, பல்பில்தான் என்று பிள்ளைகளே சொல்வார்கள். இடம் மாற்றிப் பார்ப்பது என்ற அந்த ஒரு செயலில் உள்ள அறிவியல், பத்து வரையறையை மனப்பாடம் செய்வதில் கிடைக்காது.

கம்ப்யூட்டர் இப்போதுதான் உள்ளே வர வேண்டும். ஏனென்றால் ஒன்று மிச்சம் இருக்கிறது: இரண்டும் சமமாக எரிகிறது என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. ஒயருக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. இந்த இடத்துக்கு என்றே செய்தது போல ஒரு கருவி உண்டு. பெட் (PhET) என்று பெயர். இயற்பியலில் 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கம்ப்யூட்டர் திரையிலேயே செய்து பார்க்கும் செயல்முறைகள், அறிவியலுக்கும் கணக்குக்கும், அதில் நிறைய இலவசமாக இருக்கின்றன, பல தமிழிலும் உள்ளன. மின்சுற்று கட்டும் செயல்முறையில் பேட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் இழுத்து இணைக்கலாம். இணைத்ததும் ஒயருக்குள் எலெக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக நகர்வது தெரியும். முதல் பல்புக்கு முன்னாலும், இரண்டு பல்புக்கு நடுவிலும், கடைசியிலும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு.

கடைமடைக் குழந்தை இதைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. "அப்ப தண்ணி மாதிரி இல்லையா சார்?" என்றது. சைக்கிள் செயினைக் காட்டினேன். பெடலை மிதித்தால் செயினின் எல்லாக் கண்ணியும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நகர்கிறது. எங்கேயும் கண்ணி தீர்ந்துபோவதில்லை, ஆனால் பின்சக்கரம் சுற்றுகிறது. ஒயருக்குள் எலெக்ட்ரான் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, பேட்டரி தள்ளியதும் எல்லாம் சேர்ந்து நகர்கின்றன. அந்தக் குழந்தை வெளியே ஓடிப்போய் சைக்கிளைத் திருப்பி நிறுத்திவைத்து மிதித்துப் பார்த்துவிட்டு வந்தது.

நெட் இல்லையே என்று கவலை வேண்டாம். இந்தச் செயல்முறை ஒவ்வொன்றையும் ஒரே ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ பென் டிரைவில் எடுத்துவந்து போட்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். வீடியோவும் அப்படித்தான், முதல்நாளே இறக்கி வைத்துவிடுங்கள். பாடப்புத்தகத்து க்யூஆர் கோடு வழியாகத் திறக்கும் தீக்ஷாவிலும், பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் தமிழில் நல்ல படங்கள் இருக்கின்றன. முழுவதும் போட வேண்டியதில்லை. பிள்ளைகள் மாட்டும் இடத்தை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் போடுங்கள். முடிவு தெரிவதற்கு முன் நிறுத்தி "இப்ப என்ன ஆகும்?" என்று கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று: சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுவது. என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் பேச வேண்டும். யார் எதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது இரண்டே நிமிடத்தில் உங்கள் காதில் விழுந்துவிடும்.

சரி, இனி கணக்குக்கு வருகிறேன். 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று ஆறாம் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். முன்வரிசையில் நாலு பேர் கை தூக்குவார்கள், சரியாகச் சொல்வார்கள், நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். கை தூக்காத 26 பேர் என்ன நினைத்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ள ப்ளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம், ஆளுக்கொரு அச்சடித்த அட்டை போதும். அட்டையில் ஒரு சதுரக் குறி இருக்கும். அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுதான் அவர்கள் பதில். நீங்கள் உங்கள் போனின் கேமராவை வகுப்பின் மீது ஓட்டினால் யார் என்ன பதில் என்று வந்துவிடும். அடுத்த பிள்ளைக்கு அந்தக் குறியைப் பார்த்துப் பதில் கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் காப்பி அடிக்க முடியாது. தப்பாகச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயமும் இல்லை. பிள்ளைகளின் பெயரைப் பதியாமல் வரிசை எண்ணை மட்டும் போடுங்கள்.

செயலியைவிட முக்கியம், நீங்கள் கொடுக்கும் தப்பான பதில்கள். அவை பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். "0.35 பெரியது, ஏனென்றால் 35 நாலைவிடப் பெரியது" என்று ஒன்று. "0.4 பெரியது, ஏனென்றால் புள்ளிக்குப் பிறகு இலக்கங்கள் கூடக்கூட மதிப்பு குறையும்" என்று இன்னொன்று. இது விடை சரி, காரணம் தப்பு. இந்த மாதிரிப் பிள்ளையை நம் கேள்வித்தாள் ஒருநாளும் பிடிக்காது, முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிடும். காரணத்தோடு கேட்டால்தான் பிடிபடும். "ரெண்டும் சமம்" என்று ஒன்று. கடைசியில் சரியான காரணம்.

வாக்கு விழுந்ததும் சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். இதை ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991இல் செய்யத் தொடங்கினார். அவர் சொல்லும் முறை எளிமையானது. ஏறக்குறைய எல்லாரும் சரி என்றால் மேலே போகலாம். மிகச் சிலரே சரி என்றால் நாம் மறுபடி சொல்லித்தர வேண்டும். இடைப்பட்டதாக, சுமாராக 30 முதல் 70 சதவீதம் பேர் சரி என்றால், பக்கத்தில் வேறு பதில் சொன்னவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு மறுபடி வாக்கு எடுக்க வேண்டும். நான் கிராமத்துப் பள்ளிகளில் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாக்கில் எண்ணிக்கை மாறுவதைப் பார்க்கும் டீச்சர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லும் விளக்கம் சில சமயம் நம்முடையதைவிட நேராகப் போய்ச் சேர்கிறது. "நாப்பது காசு பெருசா, முப்பத்தஞ்சு காசு பெருசா?" என்று ஒரு பையன் பக்கத்துப் பையனிடம் கேட்டான், அதோடு விஷயம் முடிந்தது.

போன் சார்ஜ் இல்லாத நாளில் விரல் போதும். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சோடு ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல் காட்டச் சொல்லுங்கள். எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நாளும் செயலிதான் வேண்டும் என்பதில்லை.

ஹைடெக் லேபில் பத்து கம்ப்யூட்டர், முப்பது பிள்ளைகள் என்றால் ஒன்றுக்கு மூன்று பேர். யார் கையில் மவுஸ் இருக்கிறது என்று ஒருநாள் சும்மா நின்று கவனியுங்கள். பெரும்பாலும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் பிடித்துக்கொள்வான், பெண்பிள்ளைகள் ஓரத்தில் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு இது மனதைப் பிசைகிற காட்சி. ஒருவர் மவுஸ், ஒருவர் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்பவர், ஒருவர் தாளில் எழுதுபவர் என்று வேலை பிரியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றுங்கள். மவுஸ் கைக்கு வந்ததும் கூச்சப்படுகிற பிள்ளை பக்கத்தில் போய் நில்லுங்கள், நீங்கள் மட்டும் மவுஸைத் தொடாதீர்கள்.

ஏழாம் வகுப்பு வந்தும் தமிழே தட்டுத்தடுமாறி வாசிக்கிற நாலைந்து பேர் உங்களிடமும் இருப்பார்கள். கணக்கில் அவர்கள் தோற்பதற்குக் காரணம் சில சமயம் கணக்கே இல்லை, கேள்வியை வாசிக்க முடியாததுதான். அவர்களுக்கு உங்கள் போனில் உள்ள குரல் பதிவு போதும். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அவர்களுக்கு மட்டும் போட்டுக்காட்டுங்கள். எங்கே தடுக்கியது என்று அவர்களே பென்சிலால் கோடு போடட்டும். ஒரு வாரம் கழித்து அதே பத்தியை மறுபடி பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கவிடுங்கள். தன் குரல் தேறியிருப்பதைத் தானே கேட்கிற பிள்ளைக்கு நீங்கள் சொல்லும் பாராட்டு கூடத் தேவைப்படாது.

வாட்ஸ்ஆப் வீட்டுப்பாடத்தை நிறுத்திவிடுங்கள். போன் அப்பா பையில் வயலுக்கோ வேலைக்கோ போகிறது, இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறது. அதிலும் டேட்டா தீர்ந்திருக்கும். அனுப்பியதைப் பார்க்காத பிள்ளை மறுநாள் திட்டு வாங்கும், ஏழையாக இருந்ததற்குத் தண்டனை. வீட்டுப்பாடம் போர்டில் எழுதி நோட்டில் எழுதிக்கொண்டால் போதும், அதைவிட நம்பகமான வழி உங்கள் ஊரில் இல்லை. அந்த வாட்ஸ்ஆப் குழுவைப் பெற்றோருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஒரு நிமிடக் குரல் பதிவு: "இந்த வாரம் மின்சுற்று நடத்தினோம். ரெண்டு பல்பில் ஏன் ஒரே மாதிரி வெளிச்சம் வருதுன்னு உங்க பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க." எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மாவுக்கும் இது போய்ச் சேரும். பிள்ளைகளின் புகைப்படத்தையும் மதிப்பெண்ணையும் அதில் போட வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் படத்துக்குக் கீழே கடைசிப் பிள்ளையின் அம்மாவும் இருக்கிறார்.

சாட்ஜிபிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இளைய ஆசிரியரோடு உட்கார்ந்து நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முழுக் கேள்வித்தாளை அதனிடம் கேட்பதைவிட, "ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தசம எண்களை ஒப்பிடும்போது என்னென்ன தவறான காரணங்கள் சொல்வார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து சொல்லும். அதில் உங்கள் வகுப்பில் கேட்டவை எவை என்று உங்களுக்குத்தான் தெரியும். நல்ல கேள்விக்கு அதுதான் விதை. விடைகளை மட்டும் ஒவ்வொன்றாக நீங்களே போட்டுப் பாருங்கள். அது தப்பான விடையையும் சரியானதைச் சொல்லும் அதே தைரியத்தோடு சொல்லும். கலைச்சொற்களும் நம் பாடப்புத்தகச் சொல்லாக இருக்காது, பிள்ளை குழம்பிவிடும், மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயரையோ குடும்ப விவரத்தையோ அதில் தட்டாதீர்கள். ஒரு பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்கு எழுத வேண்டிய வரியை அதை எழுத விடாதீர்கள், அந்த வரி உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

பதிவேட்டு விஷயம் சங்கடமானது, எனக்குப் புரிகிறது. நேரத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக வீடியோ ஓட்டாதீர்கள். பத்து நிமிடம் பயன்படுத்தினால் பத்து நிமிடம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: "முதல் வாக்கு 11 பேர் சரி, பேசிய பிறகு 24 பேர் சரி." உங்கள் வகுப்பில் வரும் எண்களை இப்படி ஒரு மாதம் எழுதி, தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். மேலிருந்து வந்து பார்க்கிறவர்களுக்கும் மணிக்கணக்கைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்லும். முடிந்தால் தலைமையாசிரியரை ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, அவரையும் ஓர் அட்டை பிடிக்கச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் தடுமாறும். அட்டையைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், வகுப்பு சந்தையாகிவிடும், பாடம் பாதியில் நிற்கும். மூன்றாவது, நாலாவது தடவையில் சரியாகிவிடும். ஒரு பருவத்தில் மூன்று பாடம் இப்படிச் செய்தால் போதும். மற்றதையெல்லாம் நீங்கள் இதுவரை நடத்தியபடியே சாக்பீஸ் வைத்து நடத்துங்கள். 16 வருடம் நடத்தியிருக்கிறீர்கள், பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது வேறு எந்தக் கருவியையும்விட உங்களுக்குத்தான் தெரியும். ஒரு பழைய நோட்டில் பாடவாரியாக அந்த இடங்களை எழுதத் தொடங்குங்கள். எந்த இடத்துக்கு வீடியோ வேண்டும், எந்த இடத்துக்குப் பல்பு வேண்டும், எந்த இடத்துக்கு ஒன்றுமே வேண்டாம் என்று அந்த நோட்டே சொல்லும்.

பல்பு வாங்கும்போது ஒரே பெட்டியிலிருந்து ஆறு வாங்குங்கள், இரண்டு எப்படியும் போகும். ஹோல்டரோடு வாங்கினால் ஒயரைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. போர்டில் கட்சி பிரித்து எழுதும்போது உங்கள் வகுப்பிலும் யாராவது கடைமடையைப் பற்றிப் பேசினார்களா என்று எனக்கு எழுதுங்கள்.